அரண்மனைச் சுவடியும் மாட்டுவண்டிப் புத்தகமும்

காவிரிப் படுகையின் நூலக வரலாற்றைச் சொல்பவர்கள் தஞ்சை அரண்மனையின் சரஸ்வதி மகால் சுவடி நூலகத்தை ஓர் அத்தியாயத்திலும் மன்னார்குடி மாட்டுவண்டி நூலகத்தை வேறோர் அத்தியாயத்திலும் வைப்பது வழக்கம். முன்னது சுவடியியல் அறிஞர்களின் களமாகிவிட்டது. பின்னது நூலகவியல் மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் ஒருவரிச் செய்தியாகச் சுருங்கிவிட்டது. அரண்மனைக்கும் மன்னார்குடிக்கும் இடையே ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர்தான் தொலைவு. இரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால், இன்று இப்பகுதியின் கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் பணியாற்றுவோர் தங்கள் தொழிலின் முழு உருவத்தைக் காணலாம் என்பது என் கருத்து. அக்கருத்து எவ்வளவு தூரம் நிற்கும் என்று வாசகரோடு சேர்ந்து எடைபோட்டுப் பார்க்கவே இந்த ஒப்பீடு.

முதற்பார்வையில் இவ்விரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஒன்று மன்னர்கள் தேடித் தேடித் தொகுத்தது, மற்றது எஸ்.வி. கனகசபைப் பிள்ளை என்ற மன்னார்குடிக்காரரின் முயற்சியில் பிறந்தது. ஒன்றில் ஏறக்குறைய 49,000 சுவடிகள். மற்றதில் மாடு இழுக்கக்கூடிய பாரத்துக்கு அச்சுப் புத்தகங்கள். ஒன்றைத் தேடி அறிஞர் வரவேண்டும்; மற்றது வாசகரைத் தேடித் தெருவுக்கு வந்தது. அரண்மனையில் ஓலை ஓயாமல் கைமாறினால் நொறுங்கிவிடும். வண்டியிலோ புத்தகம் கைமாறாமல் கிடந்தால் அந்த வண்டி புறப்பட்டதற்கே பொருளில்லை.

பதின்மூன்று ஆண்டு இடைவெளி

ஆண்டுகளை அடுக்கும்போது முதல் வியப்பு எழுகிறது. சரஸ்வதி மகாலின் வேர் நாயக்கர் காலத்தில் இருக்கிறது. அதன் செழிப்பு 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜியின் காலத்தில் இருக்கிறது. ஆனால் அது பொதுமக்களுக்குரிய நூலகமானது 1918 அக்டோபர் 5ஆம் நாள் அரசாணையால்தான். 1855இல் இரண்டாம் சிவாஜி மறைந்து தஞ்சை அரசு முடிவுக்கு வந்தபின், அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சுவடிகள் அரச குடும்பத்தின் உடைமையாகவே இருந்தன. மன்னார்குடி வண்டியோ 1931 அக்டோபர் 21 அன்று மேலவாசல் கிராமத்தில் தன் பணியைத் தொடங்கியது. நூல் தொகுப்பு என்ற அளவில் இரண்டுக்கும் இடையே நூற்றாண்டுகள் நிற்கின்றன. பொது நூலகம் என்ற அளவில் பதின்மூன்றே ஆண்டுகள்.

ஆக, பழையதென்று நாம் கருதுவதும் புதியதென்று நாம் கருதுவதும் ஒரே தலைமுறையின் இரு முயற்சிகள். அரசரின் புத்தகம் எல்லோருக்கும் உரியது என்று ஒரு முடிவு; எல்லோருக்கும் உரிய புத்தகம் எல்லா ஊருக்கும் போகவேண்டும் என்று அடுத்த முடிவு. முதல் முடிவு இல்லாமல் இரண்டாவது எழுந்திருக்கலாம். ஆனால் இரண்டையும் ஒரே காலம்தான் எழுப்பியது.

1928ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்த இணைவு இன்னும் நெருங்கி வருகிறது. அவ்வாண்டில்தான் சென்னை மாநிலக் கல்லூரியின் வடமொழிப் பேராசிரியர் பி.பி.எஸ். சாஸ்திரி தயாரித்த சரஸ்வதி மகால் வடமொழிச் சுவடிகளின் விளக்க அட்டவணை வெளிவரத் தொடங்கியது. 1934க்குள் பத்தொன்பது தொகுதிகள் வந்தன. அதே 1928இன் தொடக்கத்தில் சென்னை நூலகச் சங்கம் பிறந்தது. அதே ஆண்டு டிசம்பரில், கொள்ளிடத்துக்கு அக்கரையில் சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில், சீர்காழியில் பிறந்த சீ.இரா. அரங்கநாதன் நூலகவியலுக்கான தம் ஐந்து விதிகளை முதன்முதலாக எடுத்துரைத்தார். அவர் நூலகராவதற்கு முன் கணிதம் கற்பித்ததும் அதே மாநிலக் கல்லூரியில்தான். ஒரே ஆண்டில் ஒரு கை, இருக்கும் நூல்களையெல்லாம் பெயர் சொல்லி எண்ணத் தொடங்கியது. இன்னொரு கை, அவை எதற்காக இருக்கின்றன என்று வரையறுக்கத் தொடங்கியது.

வந்த வழியும் போன வழியும்

அசையாத நூலகம் என்று பெயரெடுத்த சரஸ்வதி மகால் உண்மையில் நெடும்பயணங்களின் விளைவு. 1820இல் காசி யாத்திரை தொடங்கிய சரபோஜி, வழியெங்கும் வடமொழிக் கல்வி சிறந்த ஊர்களில் பண்டிதர்களை அமர்த்திச் சுவடிகளை வாங்கவும் படியெடுக்கவும் செய்தார். ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த ஏறக்குறைய 4,500 நூல்களும் அவருடைய சேகரிப்பில் உண்டு. அவற்றில் பலவற்றில் அவரே கையொப்பமிட்டிருக்கிறார். புத்தகம் வந்து சேர்ந்ததும் இருப்பு எண் இட்டு முத்திரை குத்தும் இன்றைய நூலகருக்கு அந்தக் கையொப்பம் அந்நியமாகத் தோன்றாது.

நடமாடும் நூலகம் என்று பெயரெடுத்த வண்டியோ, நிலைத்த ஓர் ஒழுங்கின்றி ஒரு வாரம்கூட ஓடமுடியாது. எந்த நாளில் எந்த ஊர், யாரிடம் எந்தப் புத்தகம், திரும்பி வரவேண்டியது எது என்ற கணக்கு வண்டிக்குள் இருந்தாகவேண்டும். கட்டடத்தில் இருக்கும் நூலகர் ஒரு பதிவைத் தவறவிட்டால் மறுநாள் தேடிப் பார்க்கலாம். அடுத்த ஊருக்குப் போய்விட்ட வண்டிக்கு அந்த மறுநாள் கிடையாது. அசையாதது பயணத்தால் உருவாயிற்று. அசைவது ஒழுங்கால் நின்றது. ஒவ்வொன்றும் மற்றதன் பண்பைத் தன் அடித்தளத்தில் வைத்திருந்தது.

இந்த இரு பண்புகளையும் ஒரே அரசு ஒருசேர வளர்த்த ஊர் பரோடா. தஞ்சையைப் போலவே அதுவும் மராத்திய மன்னர்களின் ஊர். மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் 1910இல் அமெரிக்காவிலிருந்து வில்லியம் ஆலன்சன் போர்டன் என்ற நூலகரை அழைத்துவந்தார்; கிராமங்களுக்குப் புத்தகப் பெட்டிகள் அனுப்பப்பட்டன; மறுபுறம் வடமொழிச் சுவடிகள் திரட்டப்பட்டுப் பதிப்பிக்கப்பட்டன. பரோடாவில் ஒரு மன்னரின் ஆணையில் நடந்தது, தஞ்சை வட்டாரத்தில் தனித்தனிக் கைகளில் நடந்தது. பரோடா முறையில் வேகமும் நிதியும் இருந்தன. தஞ்சை முறையில் இரண்டையும் இணைத்துப் பார்க்க ஆளில்லாமல் போயிற்று. அதனால்தான் இன்றுவரை அவை தனி அத்தியாயங்களாக நிற்கின்றன.

மழையும் மருந்தும்

இரண்டுக்கும் பொதுவான எதிரி ஒன்று உண்டு. வண்டி புறப்பட்ட அக்டோபர் 21 ஐப்பசி மாதத்தின் முதல் வாரம். வடகிழக்குப் பருவமழை இறங்கும் காலம். சம்பா நடவு முடிந்தோ முடியும் தறுவாயிலோ இருக்கும். வாய்க்கால் கரையெல்லாம் சேறு. அரண்மனைக்குள் அதே மழை வேறு வடிவில் நுழைகிறது. காற்றின் ஈரம் ஓலையில் பூஞ்சையாகிறது. பூச்சிக்கு வழி திறக்கிறது. சாலையில் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவதும் சுவடி அறையில் எழுத்தை அரிப்பதும் ஒரே வானத்தின் நீர்.

இரண்டும் அந்த எதிரியைச் சமாளித்த விதத்தில் எதிர்பாராத உறவு தெரிகிறது. சரஸ்வதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, இலவங்கப்பட்டை ஆகியவற்றை இடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து சுவடிகளிடையே வைக்கும் பழக்கம் இருந்தது. வறண்ட ஓலையின் நெகிழ்ச்சியை மீட்க எலுமிச்சைப்புல் எண்ணெய் பயன்படுகிறது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் சரக்குதான் அனைத்தும். மன்னார்குடியிலோ, களத்து நெல்லை மூட்டையாக ஏற்றிச்செல்லும் அதே வகை வண்டிதான் புத்தகம் ஏற்றியது. அச்சு முறிந்தால் ஊர்த் தச்சரும் கொல்லரும் சரிசெய்துவிடுவார்கள். உதிரிப் பொருளுக்காகச் சென்னைக்குக் கடிதம் எழுதவேண்டியதில்லை. சுவடிக்கு மருந்து கண்டவர்களும் புத்தகத்துக்கு வண்டி கண்டவர்களும் கையெட்டும் தொலைவில் இருந்ததைக் கொண்டே தம் சிக்கலைத் தீர்த்தார்கள்.

வேறுபாட்டையும் மறைக்க வேண்டியதில்லை. வசம்புப் பொட்டலத்தைத் தவறாமல் மாற்றிவந்தால் ஓலை பல நூற்றாண்டுகள் நிற்கும். வண்டி எவ்வளவு நன்றாகப் பராமரிக்கப்பட்டாலும் தேயும். அதிலுள்ள புத்தகமும் கைபட்டுக் கைபட்டுக் கிழியும். அரண்மனையில் தேய்மானம் தோல்வி. வண்டியில் தேய்மானம் வேலை நடந்ததற்குச் சான்று. இன்றைய கிளை நூலகர் இருப்புச் சரிபார்ப்பின்போது கிழிந்த நூலைக் கையில் எடுத்துத் தயங்கி நிற்கும் கணத்தில் இவ்விரு அளவுகோல்களும் அவருக்குள் மோதுகின்றன. எந்த நூலுக்கு எந்த அளவுகோல் என்று தெரிந்திருப்பதே அவருடைய தொழிலறிவு.

நடுவில் நிற்பவர்

இரு நூலகங்களுக்கும் இடையே நான் காணும் மிக நெருங்கிய உறவு படிப்பவரைப் பற்றியது. சரஸ்வதி மகாலுக்குள் வரும் பட்டதாரிக்கும் பெரும்பாலான சுவடிகள் புரியாது. கிரந்தம், மராத்தி மோடி எழுத்து, புள்ளியிடாத பழந்தமிழ் ஓலை என்று ஒவ்வொன்றும் தனிப் பயிற்சி கேட்பவை. ஆகவே அங்கே மொழிதோறும் பண்டிதர் தேவைப்பட்டார். வாசகருக்கும் சுவடிக்கும் நடுவில் நின்று படித்துச் சொல்பவர் அவர். 1931 கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுத்தறிந்தவர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அந்நிலையில் கிராமத்துக்குள் வந்து நிற்கும் வண்டியின் முன்னும் இதே சிக்கல் எழுகிறது. அங்கும் புத்தகத்துக்கும் மனிதருக்கும் நடுவில் படித்துச் சொல்ல ஒருவர் தேவை. எழுத்து படிக்கத் தெரியாத உழவரும் மோடி படிக்கத் தெரியாத பேராசிரியரும் நூலகத்தின் முன் ஒரே நிலையில் நிற்கிறார்கள். இருவருக்கும் உதவக்கூடியவர் நூலகத்தில் பணியாற்றும் மனிதர்.

இதே முடிவுக்கு உலகின் மறுகோடியிலும் ஒருவர் வந்திருந்தார். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் மேரி டிட்கோம்ப் என்ற நூலகர் முதலில் கிராமக் கடைகளிலும் அஞ்சலகங்களிலும் புத்தகப் பெட்டிகளை வைத்தார். பெட்டி மட்டும் போதவில்லை என்று கண்டபின் 1905இல் குதிரை வண்டியில் புத்தகம் ஏற்றிப் பண்ணை வீடுகளின் வாசலுக்கே அனுப்பினார். 1910இல் இரயில் மோதி அந்த வண்டி நொறுங்கியது. 1912இல் மோட்டார் வண்டி அதன் இடத்தைப் பிடித்தது. பெட்டியிலிருந்து வண்டிக்கு மாறியதில் புதிதாகச் சேர்ந்தது சக்கரம் என்று தோன்றும். உண்மையில் புதிதாகச் சேர்ந்தது புத்தகத்தோடு கூடவே வரும் ஆள். சரஸ்வதி மகாலில் சுவடிப் பேழையோடு பண்டிதர் சேர்ந்ததும் இதே கணக்குதான்.

நடுவில் நிற்பவர் யாருக்கு உதவுகிறார் என்ற கேள்வியையும் இங்கே எழுப்பியாகவேண்டும். 1918இல் அரண்மனை நூலகம் பொதுவில் திறக்கப்பட்டது. ஆனால் வடமொழிச் சுவடியைப் பயன்படுத்தும் கல்வி அன்று ஒரு சிறு வட்டத்துக்கே வாய்த்திருந்தது. சட்டத்தில் திறந்த கதவு நடைமுறையில் பாதி திறந்தே இருந்தது. வண்டிக்கும் இதே சோதனை உண்டு. அன்றைய தஞ்சை மாவட்டக் கிராமத்தில் அக்கிரகாரமும் குடியானவர் தெருவும் சேரியும் தனித்தனி. வண்டி எந்தத் தெருமுனையில் நிற்கிறது என்பதே யார் படிப்பார் என்பதைத் தீர்மானித்துவிடும். கட்டடத்துக்குத் தன் இடத்தை மாற்றிக்கொள்ள வழியில்லை, வண்டிக்கு வழியுண்டு. இந்த ஒன்றில் வண்டியின் பக்கம் தட்டு தாழ்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வழி இருந்தால் மட்டும் போதாது. வண்டியைச் சேரிக்கும் ஓட்டவேண்டும் என்ற மனமும் வேண்டும்.

பட்டியலின் வலிமை

தஞ்சையில் மாவட்ட நீதிபதியாக இருந்த ஆர்தர் கோக் பர்னெல் அரண்மனை வடமொழிச் சுவடிகளை வகைப்படுத்தித் தயாரித்த அட்டவணை 1880இல் இலண்டனில் அச்சாயிற்று. அதாவது, தஞ்சைப் பொதுமக்கள் உள்ளே நுழைவதற்கு முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே, உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். சுவடி பெயராமல் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் பெயர் கடல் கடந்தது. சரஸ்வதி மகாலின் முதல் நடமாடும் நூல் அதன் பட்டியல்தான் என்று சொன்னால் மிகையாகாது.

வண்டி நூலகத்திலோ நூல் போகும். பட்டியல் பின்னால் இருந்து காக்கும். எந்தப் புத்தகம் எந்த ஊரில் இருக்கிறது என்ற குறிப்பு தொலைந்தால் அந்த நூலகமே சிதறிவிடும். ஒன்றில் பட்டியல் வெளியே செல்கிறது, நூல் உள்ளே நிற்கிறது. மற்றதில் நூல் வெளியே செல்கிறது, பட்டியல் உள்ளே நிற்கிறது. திசை தலைகீழ், தேவை ஒன்றே.

இந்த இடத்தில் அரங்கநாதனின் விதிகளை இரண்டின்மீதும் பொருத்திப் பார்ப்பது பயன் தரும். நூல்கள் பயன்படவே இருக்கின்றன என்னும் முதல் விதியை வண்டி தன் இயல்பாலேயே நிறைவேற்றிவிடுகிறது. நூலின் பக்கம் நின்று அதற்குரிய வாசகரைத் தேடச் சொல்லும் மூன்றாம் விதி சரஸ்வதி மகாலுக்கே கூடுதலாகப் பொருந்துகிறது. ஏனெனில் அங்கே ஒவ்வொரு சுவடியும் தன்னைப் படிக்கத் தெரிந்த ஒருவருக்காக நெடுங்காலம் காத்திருக்கிறது. அந்தத் தேடலின் விடைதான் மகாலின் பதிப்புப் பணி. சரபேந்திர வைத்திய முறைகள் போன்ற மருத்துவ நூல்கள் ஓலையிலிருந்து அச்சேறின. அச்சேறியபின் ஓலையைத் தொட்டறியாதவரும் அவற்றைப் படிக்கலாம். அரண்மனைச் சுவடி இவ்வாறு அச்சுருவில் கிராமத்துக்குப் போகும் தகுதியைப் பெற்றுவிட்டது. மன்னார்குடி வண்டி போன்ற ஒன்றில் ஏறுவதற்கும் அதற்குத் தடையில்லை.

பயிற்சியும் பணமும்

சுவடிப் பணியில் பயிற்சி, மூத்தவரிடம் அமர்ந்து கற்பது. கட்டவிழ்ப்பது, இதழ் எண்ணுவது, மை தடவி எழுத்தைத் துலக்குவது, மீண்டும் சட்டமிட்டுக் கட்டுவது ஆகிய எல்லாம் கை பழகிக் கைக்கு வருபவை. பொது நூலகப் பணியில் பயிற்சி, வகுப்பில் கற்பது. 1929இல் சென்னை நூலகச் சங்கம் நடத்திய கோடைக்காலப் பள்ளி அதன் தொடக்கம். பின்னர் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. கைவழக்கத்தில் நுணுக்கம் மிகும், ஆனால் சிலருக்கே எட்டும். வகுப்பில் பரப்பு மிகும், ஆனால் கை பழகப் பின்னும் நாள் வேண்டும்.

இரு மரபுகளும் தத்தம் பணியாளருக்கு எழுத்தில் துணை தேடின என்பது கவனிக்கத்தக்கது. ஐந்து விதிகளை விளக்கும் நூலைச் சென்னைச் சங்கம் 1931இல் வெளியிட்டது. 1933இல் அரங்கநாதனின் கோலன் பகுப்பு முறை வந்தது. சரஸ்வதி மகால் 1939 முதல் தன் பருவ இதழைக் கொண்டுவந்தது. பரோடாவில் 1912இலேயே ஆங்கிலம், குசராத்தி, மராத்தி ஆகிய மும்மொழியில் நூலகருக்கென ஓர் இதழ் தொடங்கியது. தொலைதூரக் கிளையில் தனித்திருக்கும் நூலகருக்குச் சக பணியாளரின் அனுபவம் எழுத்து வழியாகவேனும் கிடைக்கவேண்டும் என்ற எண்ணம் இவற்றிலெல்லாம் தெரிகிறது.

பணத்தில்தான் இரண்டும் கூர்மையாகப் பிரிகின்றன. அரண்மனை நூலகம் பொதுவுடைமையானபோது அரச குடும்பம் ஒரு லட்ச ரூபாயை அறக்கொடையாக அளித்தது; நிலையான முதலும் அரசின் ஆதரவும் அதைத் தாங்கின. வண்டிக்குப் பின்னால் நின்றது தனி மனிதர் முயற்சியும் சென்னை நூலகச் சங்கத்தின் ஊக்கமும். மகால் இன்றும் இருக்கிறது, வண்டி இல்லை. ஆனால் வண்டி எழுப்பிய கேள்விக்கு, அதாவது ஊர்தோறும் புத்தகம் போகும் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு, 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம் விடை சொன்னது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. சொத்து வரியோடு நூலக வரி சேர்ந்தது. அந்தத் தொகைக்கு மாவட்ட நூலக ஆணைக்குழு பொறுப்பாயிற்று. அரண்மனை நூலகத்துக்கு மன்னர் குடும்பம் கொடுத்த நிதியை, கிராம நூலகத்துக்குக் குடிமக்கள் தங்கள் வீட்டு வரியோடு ஆண்டுதோறும் கொடுக்கிறார்கள். கொடையாளரின் எண்ணிக்கை மாறியிருக்கிறது; கொடை என்ற அடித்தளம் மாறவில்லை.

இன்றைய நூலகருக்கு

மாநிலத்தில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. அவற்றுள் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் கிளைகளில் பலவற்றை ஒரே ஒருவர் நடத்துகிறார். காலையில் நாளிதழ் விரிப்பதும், இரவல் எழுதுவதும், போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் இளைஞருக்கு இடம் ஒதுக்குவதும், வாசகர் வட்டம் கூட்டுவதும் அவரே. இந்த ஒருவரிடம் இரு மரபுகளும் கூடியிருக்கின்றன என்பதே இந்த ஒப்பீட்டின் முடிவாக எனக்குத் தோன்றுவது.

மகாலிடமிருந்து அவர் எடுத்துக்கொள்ள வேண்டியது உள்ளூர் நினைவைக் காக்கும் பொறுப்பு. கோயில் திருப்பணி மலர், பள்ளி நூற்றாண்டு மலர், பாசன சங்கத்தின் தீர்மானப் புத்தகம், ஊர்ப் புலவரின் சிறு பிரசுரம் ஆகியவை பெரிய நூலகம் எதிலும் கிடைக்காது. ஒருமுறை பழைய காகிதக் கடைக்குப் போய்விட்டால் மீளாது. அவற்றுக்கு ஓர் அலமாரியும், பட்டியலில் ஒரு பக்கமும், இரவல் தரப்படாது என்ற குறிப்பும் போதும். வண்டியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது புறப்பாடு. நடவும் அறுவடையும் நடக்கும் வாரங்களில் நூலக நேரத்துக்குள் வரமுடியாதவர் யார், எந்தத் தெருவிலிருந்து ஒரு குழந்தையும் உறுப்பினராகவில்லை என்று பார்த்து, ஒரு பை புத்தகத்தோடு அங்கே போவது.

கருவிகள் முன்னைவிடப் பெருகியிருக்கின்றன. 1972இல் கொல்கத்தாவில் நிறுவப்பட்ட ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையின் உதவி மாநிலங்கள் வழியாகப் பொது நூலகங்களுக்கு வருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய அச்சு நூல்களையும் சுவடிப் படிகளையும் ஒரு கைபேசியிலேயே காட்டிவிடலாம். திரையில் தெரியும் ஓலை சரஸ்வதி மகாலின் காப்பையும் மன்னார்குடி வண்டியின் நடையையும் ஒன்றாகக் கொண்டிருக்கிறது: மூலம் நலுங்காமல் இருக்க, உருவம் எந்த ஊருக்கும் போகிறது. ஆனாலும் எதைத் தேடவேண்டும் என்று வாசகருக்குச் சொல்ல, தேடிக் கிடைத்ததைப் படித்து விளக்க, நடுவில் ஒருவர் இன்னமும் தேவைப்படுகிறார்.

அந்த ஒருவருக்குக் காலமுறை ஊதியமும் தொடர்பயிற்சியும் கொடுப்பதை நூலகத்தின் கூடுதல் செலவாகக் கணக்கிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பண்டிதர் இல்லாத சுவடி அறையும் ஆளில்லாத புத்தகப் பெட்டியும் என்னவாகும் என்பதை இவ்விரு வரலாறுகளும் தெளிவாகவே காட்டிவிட்டன. நூலக வரியின் ஒவ்வொரு ரூபாயிலும் முதல் பங்கு நூலகப் பணியாளருக்குச் சேரவேண்டும். புத்தகமும் கட்டடமும் வண்டியும் அவர் வழியாகவே பயன்பாட்டுக்கு வருகின்றன.